மதுரையிலிருந்து பவளப்பாறைக்கு லூர் தூண்டிலோடு ஒரு நாள்: எங்கே வீசலாம், எங்கே வீசவே கூடாது?

ஞாயிற்றுக்கிழமை காலை. மேலூர் பக்கம் ஒரு கண்மாய்க் கரை. தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு ரப்பர் தவளை 'தொப்'பென்று விழுகிறது. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். அடுத்த நொடி தண்ணீர் வெடிக்கிறது. விரால்! மதுரை சுற்றுவட்டாரத்தில் லூர் தூண்டில் பழகிய பலருக்கும் தொடக்கம் இப்படித்தான்.

அடுத்து யூடியூப் ஆரம்பிக்கும். நீலக் கடல், படகின் முனையில் ஒருத்தர், கம்பு வில்லாக வளைந்திருக்கிறது, கடைசியில் ஆள் உயரத்துக்கு ஒரு பாரை மீன். வீடியோவைப் பார்த்து முடித்ததும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும்: "பவளப்பாறை நமக்கும் பக்கத்துலதானே இருக்கு? மாட்டுத்தாவணில பஸ் ஏறினா ராமேஸ்வரம். அங்கேயே வீசிப் பார்த்தா என்ன?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. லூர் என்றால் என்ன, பவளப்பாறையில் அது எப்படி வேலை செய்கிறது, பக்கத்தில் இருக்கும் மன்னார் வளைகுடாவில் ஏன் கூடாது, அந்தமானில் அந்த ஒரு நாள் எப்படிப் போகும், பிடித்த மீனை உயிரோடு விடுவது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் கடல்வாழ் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடக் கூடாது.
• இந்தியாவில் பவளப்பாறை லூர் மீன்பிடிப்புக்குப் பெயர் பெற்ற இடம் அந்தமான். அங்கேயும் தடை செய்யப்பட்ட பகுதிகள் உண்டு.
• பிடிப்பதைவிட, பிடித்த மீனைப் பிழைக்க விடுவதுதான் கஷ்டமான வேலை.
• பெரிய பாறை மீன்களைச் சாப்பிடுவதில் சமைத்தாலும் போகாத ஒரு நச்சு ஆபத்து இருக்கிறது.

லூர் என்றால் என்ன?

புழு, இறால், சின்ன மீன் என்று உண்மையான இரை மாட்டினால் அது சாதாரணத் தூண்டில். மரம், பிளாஸ்டிக், ரப்பர், உலோகம் என்று எதிலாவது செய்த போலி இரையை மாட்டினால் அது லூர். இரைக்கு வாசனை உண்டு, மீன் தேடி வரும். லூருக்கு வாசனை கிடையாது. அதை உயிருள்ளது போல ஆட வைப்பது உங்கள் கைதான். சுவாரஸ்யம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பவளப்பாறைப் பக்கம் அதிகம் பயன்படுவது மூன்று வகை.

பாப்பர்: மூக்கு குழிவாக இருக்கும். சுண்டி இழுத்தால் 'பளக்'கென்று தண்ணீரை வாரி இறைக்கும். காயம்பட்ட மீன் மேல்மட்டத்தில் துடிப்பது போன்ற சத்தம் வரும்.

ஸ்டிக்பெய்ட்: சத்தம் போடாது. நீளமாக, பென்சில் மாதிரி இருக்கும். இழுக்கும்போது இடமும் வலமும் வளைந்து நீந்தும். மீன் மிரண்டு போயிருக்கும் நாளில் பாப்பரைவிட இது எடுபடும்.

மெட்டல் ஜிக்: ஈயம் போன்ற கனமான உலோகத் துண்டு. ஆழத்துக்கு இறக்கி, கம்பை மேலே தூக்கித் தூக்கிச் சுற்றுவார்கள். அடியில் இருக்கும் களவா, சூரை வகைகளுக்கு இது.

"இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்" என்று நினைக்க வேண்டாம். ஓடும் படகுக்குப் பின்னால் கயிறு விட்டு, போலி இரையைக் காட்டிச் சீலா (சென்னையில் வஞ்சிரம்) பிடிப்பது நம் கடற்கரைக்குத் தெரிந்த வேலைதான். லட்சத்தீவில் சூரை பிடிக்கும் மீனவர்கள் உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் வீசிக் கூட்டத்தை வரவழைத்துவிட்டு, இரையே இல்லாத பளபளப்பான கொக்கியைத்தான் தண்ணீரில் போடுவார்கள். அந்தக் கொக்கியில் எதிர்முள் இருக்காது. படகுக்குள் தூக்கிப் போட்டதும் மீன் தானாகக் கழன்று விழும்.

தமிழ் படித்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். குறுந்தொகையின் 54ஆம் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பாட்டில் அவர் சொன்ன உவமையை வைத்தே 'மீனெறி தூண்டிலார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தினைப்புனக் காவலர்களின் கவண் சத்தத்தில் மிரண்ட யானை, வளைத்துத் தின்றுகொண்டிருந்த மூங்கிலைச் சட்டென்று விடுகிறது. மீனைத் தூக்கும் தூண்டில் கம்பு போல அது மேலே நிமிர்கிறது. கம்பு வளைவதையும் நிமிர்வதையும் அவ்வளவு கவனமாகப் பார்த்த ஒருத்தர் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்.

பவளப்பாறை ஓரத்தில் ஏன் பெரிய மீன் நிற்கிறது?

பவளப்பாறை என்பது கல் அல்ல, உயிர். கோடிக்கணக்கான நுண்ணிய பவள உயிரிகள் சுண்ணாம்புக் கூடு கட்டிக் கட்டி எழுப்பிய ஊர் அது. கிளை கிளையாக வளரும் பவளம் வருஷத்துக்கு சுமார் 10 சென்டிமீட்டர் வளரலாம். உருண்டையாக வளரும் வகைகள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஒரு நங்கூரம் ஒரு நொடியில் உடைப்பதை அவை திரும்பக் கட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இந்த ஊருக்குள் சின்ன மீன்கள் ஒளிந்து வாழும். பாறை முடிந்து கடல் திடீரென்று ஆழமாகும் விளிம்பில் பெரிய மீன்கள் காத்திருக்கும். நீரோட்டம் சின்ன மீன்களைப் பாறையிலிருந்து வெளியே தள்ளும்போது வேட்டை நடக்கும். அதனால்தான் இங்கே கடிகாரத்தைவிட ஓதம் முக்கியம். ஏற்றமோ வற்றமோ, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வலுவாக இருக்கும். ஓட்டம் நின்ற நேரத்தில் எவ்வளவு வீசினாலும் கை வலிதான் மிச்சம்.

எல்லோரும் தேடிப் போகும் அந்தப் பாரை எது?

ஆங்கிலத்தில் ஜயண்ட் ட்ரெவல்லி. தூண்டில்காரர்கள் வாயில் 'ஜிடி'. நம் மீன் சந்தையில் பார்க்கும் பாரைகளிலேயே மிகப் பெரியது. 170 சென்டிமீட்டர் நீளம், 80 கிலோ எடை வரை வளரும். தூண்டிலில் பிடிபட்டதில் உலக சாதனை, 2006ல் ஜப்பானின் ககோஷிமா கடலில் பிடித்த 72.8 கிலோ மீன்.

2017ல் வந்த பிபிசியின் 'ப்ளூ பிளானட் 2' தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த மீனை மறக்க முடியாது. இந்தியப் பெருங்கடல் தீவு ஒன்றில், பறக்கப் பழகும் கடல்பறவைகளைத் தண்ணீருக்கு மேலே எம்பிக் கவ்வியது இதுதான். மேலே பறக்கும் பறவையின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாயும் மீன், மேல்மட்டத்தில் சத்தம் போடும் பாப்பரை விடுமா?

ஒரு விஷயம். இந்த மீன் சுமார் 60 சென்டிமீட்டர் வளர்ந்து, மூன்று வயதைத் தாண்டிய பிறகுதான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. ஒரு பாறையில் இருக்கும் பெரிய பாரைகளைச் சில வாரங்களில் பிடித்துத் தீர்த்துவிடலாம். அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்பப் பல வருஷம் ஆகும்.

ராமேஸ்வரம் பக்கத்திலேயே பவளப்பாறை இருக்கிறதே, அங்கே ஏன் கூடாது?

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். ராமேஸ்வரம் தீவுப் பகுதியிலிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டி 21 சின்னத் தீவுகள். குருசடை, மனோலி, முயல் தீவு, தலையாரி, நல்லதண்ணி, காசுவார், வான் தீவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றையும் சுற்றிப் பவளப்பாறை. 1986ல் தமிழ்நாடு அரசு இந்தத் தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத கடலையும் சேர்த்து, சுமார் 560 சதுர கிலோமீட்டரைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989ல் அதையும் உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது.

தேசியப் பூங்கா என்றால் சட்டப்படி முதுமலையின் மையக் காடு மாதிரி. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது, எந்த உயிரையும் பிடிக்கக் கூடாது. 'பிடித்துவிட்டு விட்டுவிடுவேன்' என்பதும் அங்கே செல்லாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் சேர்க்கப்பட்டது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு துண்டைக்கூட ஞாபகார்த்தமாக எடுத்துவர முடியாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டோம் என்பதுதான் பதில். சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் இங்கே பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் தீவுகள் கரைய ஆரம்பித்தன. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்கு அடியில். தூத்துக்குடிக்கு அருகே காரைச்சல்லி தீவு 1969ல் சுமார் 21 ஹெக்டேர் இருந்தது, இன்று சுமார் 3 ஹெக்டேர்தான். மிச்சமிருக்கும் பவளத்தைக் கடல் சூடு தாக்குகிறது. 2010லும் 2016லும் இங்கே பவளங்கள் பெரிய அளவில் வெளிறிப்போயின. 2024 ஏப்ரலில், உலக அளவில் நான்காவது பெரிய வெளிறல் நடப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூங்கா வந்ததால் முதலில் அடிபட்டவர்கள் அந்தக் கரை மக்கள். பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். தடை வந்ததும் அந்தப் பிழைப்பே கேள்விக்குறி ஆனது. அவர்கள் வனத்துறையோடு பேசி, மாதத்தில் எத்தனை நாள் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு உரிமைக்காகப் போராடினார்கள். அவர்களில் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015ல் அமெரிக்காவின் சீக்காலஜி விருது கிடைத்தது.

சோற்றுக்காகக் கடலில் இறங்குபவர்களே நாள் கணக்குப் பார்த்து இறங்கும் இடம் அது. பொழுதுபோக்குக்காகப் போகும் நாம் அங்கே தூண்டிலை எடுப்பது சட்டப்படி மட்டுமல்ல, நியாயப்படியும் சரியாக இருக்காது.

"கரை மீனவர் யாராவது படகில் கூட்டிப் போவாங்களா?" என்று சிலர் விசாரிப்பதுண்டு. வேண்டாம். நாட்டுப்படகும் ஃபைபர் படகும் மீன்பிடிக்கப் பதிவானவை, பயணிகளை ஏற்ற அல்ல. மாட்டினால் வழக்கும் நஷ்டமும் முதலில் படகுக்காரருக்குத்தான்.

அந்தப் பவளத்தைப் பார்க்க ஆசையா? குருசடை தீவுப் பக்கம் வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு இருக்கிறது. காற்றையும் பருவத்தையும் பொறுத்து நிறுத்துவார்கள் என்பதால், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பு மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்போ எங்கேதான் போவது?

அந்தமான். சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. அங்கிருந்தும், ஹேவ்லாக் என்று நாம் சொல்லும் ஸ்வராஜ் த்வீப்பிலிருந்தும் தூண்டில் படகுகள் கிளம்புகின்றன. கடல் அமைதியாக இருக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்கள்தான் சீசன்.

மன்னார் வளைகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். அந்தமானில் அது இரண்டு மீட்டரைத் தொடும். தீவைச் சுற்றிய பாறை விளிம்பில் தண்ணீர் ஆறு மாதிரி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அங்கேயும் எல்லா இடமும் திறந்தது கிடையாது. வண்டூரில் மகாத்மா காந்தி கடல்வாழ் தேசியப் பூங்கா (1983), ஸ்வராஜ் த்வீப்பை அடுத்த தீவுகளில் ராணி ஜான்சி கடல்வாழ் தேசியப் பூங்கா (1996) இரண்டும் தடை. பழங்குடி மக்கள் வாழும் பகுதிகள் 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி பாதுகாக்கப்பட்டவை. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது. எனவே படகை முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு பெரிய மீன் கிடைக்கும்?" அல்ல. "உரிமம் இருக்கா, எந்தப் பகுதிக்குப் போறோம்?" என்பதுதான்.

அந்த ஒரு நாள் எப்படிப் போகும்?

அதிகாலை 4.30: மதுரைக்காரருக்கு முதல் ஆச்சரியம் சூரியன். அந்தமான் நம்மைவிட சுமார் 15 டிகிரி கிழக்கே இருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம். ஆனால் கடிகாரம் ஒன்றுதான். ஏப்ரலில் 5 மணிக்கெல்லாம் நன்றாக வெளுத்துவிடும். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாயும். தூங்கி எழுந்து மெதுவாகக் கிளம்பினால் பாதி வேட்டை நேரம் போச்சு.

காலை 5.30: படகு பாறை விளிம்பிலிருந்து வீசும் தூரத்தில் நிற்கிறது. நங்கூரம் போடுவதில்லை. எஞ்சினை நிறுத்தி ஓட்டத்தோடு மிதக்க விடுகிறார்கள். ஏழரை, எட்டடிக் கம்பு, பெரிய ஸ்பின்னிங் ரீல், 80 பவுண்ட் தாங்கும் பிரெய்டு நரம்பு, பாறையில் உரசினாலும் தாங்க முன்னால் தடித்த நைலான் லீடர். நுனியில் 100 கிராமுக்கு மேல் எடையுள்ள பாப்பர்.

6 முதல் 8 வரை: வீசு, சுண்டு, நிறுத்து, சுற்று. திரும்ப வீசு. கண்மாயில் தவளை லூர் வீசிய தோள் இதற்குப் பழகியிருக்காது. நூறு வீச்சுக்குள் கை கெஞ்ச ஆரம்பிக்கும். முதல் நாள் போகிறவர்களில் நிறையப் பேர் சோர்ந்து உட்காரும் நேரம் இது. பல சமயம் மீன் வருவதும் இந்த நேரத்தில்தான்.

அடி: பாப்பருக்குப் பின்னால் தண்ணீர் வீங்கும். ஒரு கறுத்த முதுகு தெரியும். வெடிப்பு. இங்கேதான் புதியவர்கள் தப்புப் பண்ணுவார்கள். சத்தம் கேட்டதுமே கம்பை வெடுக்கென்று இழுத்தால் லூர் மீனின் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நரம்பில் எடை விழும்வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எடை விழுந்த பிறகுதான் கம்பைத் தூக்க வேண்டும்.

போராட்டம்: கொக்கி பட்ட பாரை நேராகப் பவளத்துக்குள் பாயும். உள்ளே போய்விட்டால் நரம்பு அறுந்தது என்று அர்த்தம். அதனால் ரீலின் ட்ராக், அதாவது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிமானம், 10 கிலோவுக்கு மேல் இறுக்கி வைத்திருப்பார்கள். கம்பு நுனியில் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு, அது உங்களை இழுப்பதாக நினைத்துப் பாருங்கள். அதே நேரம் ஓட்டுநர் படகைப் பாறையிலிருந்து ஆழத்துப் பக்கம் நகர்த்துவார். இந்த மீனைப் பிடிப்பதில் பாதி வேலை அவருடையது.

11 மணிக்கு மேல்: வெயில் ஏறியதும் மேல்மட்டம் அடங்கும். சிலர் ஆழத்தில் ஜிக் போடுவார்கள். பாதி வழியில் சுறா வந்து மீனைப் பறிப்பதும் நடக்கும். அப்படி ஒரு இடத்தில் இரண்டு முறை நடந்தால் நல்ல ஓட்டுநர் இடத்தை மாற்றுவார். இல்லாவிட்டால் நாம் சுறாவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இருப்போம்.

மாலை: ஓதம் திரும்பும்போது கடைசி ஒரு மணி நேரம். சில நாள் நாலு மீன், சில நாள் ஒன்று, சில நாள் ஒன்றுமே இல்லை. எல்லா நாளும் மீன் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிடித்த மீனை விடுவது எப்படி?

'பிடி, படம் எடு, விடு' என்பது கேட்க எளிது. ஆனால் விடப்பட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. பிழைக்க வேண்டுமானால் இவை முக்கியம்.

1. மூன்று முனைக் கொக்கிக்குப் பதில் ஒற்றைக் கொக்கி. எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கழற்றுவது நொடியில் முடியும். நம் கையில் ஏறினாலும் அதே வசதி.

2. வலுவான நரம்பு. மெல்லிய நரம்பில் அரை மணி நேரம் இழுத்து விளையாடினால் மீன் களைத்தே செத்துவிடும். சீக்கிரம் கொண்டுவந்து சீக்கிரம் விடுவதுதான் மரியாதை.

3. கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். மீனின் மேல் இருக்கும் வழவழப்புதான் அதற்கு நோய்த் தடுப்பு. காய்ந்த கையும் சூடேறிய படகுத் தளமும் அதை உரித்துவிடும்.

4. வாயில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடாதீர்கள். ஒரு கை வால் அடியில், ஒரு கை வயிற்றின் கீழ். செவுளுக்குள் விரல் கூடாது.

5. படத்துக்கு எவ்வளவு நேரம்? நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதற்கும் முட்டும்.

6. தண்ணீரில் பிடித்து, அது தானாக வாலை வீசும்வரை காத்திருந்து விடுங்கள்.

ஆழத்தில் பிடித்த மீனுக்கு இன்னொரு பிரச்சினை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். 30 மீட்டர் ஆழத்தில் அது மேற்பரப்பைப்போல நாலு மடங்கு. அங்கிருந்து களவாவை வேகமாக மேலே இழுத்தால், அதன் காற்றுப்பைக்குள் இருக்கும் காற்று நாலு மடங்காக விரியப் பார்க்கும். வயிறு உப்பி, கண் பிதுங்கி, குடல் வாய் வழியே தள்ளும். விட்டாலும் கீழே போக முடியாமல் மிதக்கும். எடை கட்டி மறுபடி ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி இருக்கிறது. அது இல்லாத படகில் ஆழத்து ஜிக் போட்டு 'விடுகிறேன்' என்பது பெயருக்கு விடுவதுதான்.

ராட்சதக் களவாவும் சில சுறா, திருக்கை இனங்களும் 2001 முதல் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. எதிர்பாராமல் மாட்டினால் படகில் ஏற்றவே வேண்டாம். தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றுங்கள், முடியாவிட்டால் கொக்கிக்குப் பக்கத்தில் நரம்பை வெட்டுங்கள்.

ஒன்றைச் சமைத்துச் சாப்பிடலாமா?

பெரிய பாறை மீன் என்றால் வேண்டாம். பவளப்பாறைப் பாசிகளில் வாழும் ஒரு நுண்ணுயிர் உண்டாக்கும் நச்சு, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே வரும். பெரிய பாரை, பாரகுடா, களவா போன்றவற்றில் அது அதிகமாக இருக்கலாம். இதனால் வருவது சிகுவாடெரா நஞ்சேற்றம். வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய் மரத்துப்போவது, குளிர்ந்த பொருள் சுடுவது போலத் தோன்றுவது எல்லாம் அறிகுறிகள். நச்சுக்கு வாசனையோ ருசியோ கிடையாது. பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் திறந்த கடலில் ஓடும் சின்ன சூரை மாதிரி மீனை, அதுவும் தேவைக்கு ஒன்று மட்டும்.

உங்கள் பாதுகாப்புக்கு?

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், உட்காரப் பயன்படுத்தாதீர்கள். கண்ணாடியும் தொப்பியும் வெயிலுக்கு மட்டுமல்ல. மீன் விட்ட நொடியில் 100 கிராம் லூர் கொக்கியோடு உங்கள் முகத்தை நோக்கித்தான் பறந்து வரும். வீசும் முன் பின்னால் பாருங்கள். வானிலை எச்சரிக்கை இருந்தால் கொடுத்த பணத்தை மறந்துவிடுங்கள். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554.

அறுந்த நரம்பைக் கடலில் விடாதீர்கள். நைலான் நரம்பு மட்க சுமார் 600 ஆண்டுகள் ஆகலாம் என்பது அமெரிக்கக் கடல்சார் அமைப்பான நோவாவின் மதிப்பீடு. பவளத்தில் சுற்றிய நரம்பு, அலை ஆட ஆட அதை அறுத்துக்கொண்டே இருக்கும்.

மதுரையிலேயே பழக முடியுமா?

முடியும். விரால் நல்ல வாத்தியார். ஆனால் கண்மாய் யாருடையது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசி குத்தகை ஏலம் போயிருக்கும். குத்தகைதாரர் அனுமதி இல்லாமல் போட்டால் அது திருட்டுத்தான்.

இன்னொரு பாடம். தண்ணீரில் சிவப்பாகக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து வந்து போனால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அந்த நேரத்தில் தவளை லூரை அவை அடிப்பது பசியில் அல்ல, குஞ்சைக் காக்கத்தான். நிச்சயம் மாட்டும். மாட்டினால் குஞ்சுகள் அனாதை, மற்ற மீன்களுக்கு இரை. அந்தத் திரளைப் பார்த்ததும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த துறைக்கு நடப்பவரே நாளைக்குப் பவளப்பாறைக்குப் போகத் தகுதியானவர்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூங்காவுக்கு வெளியே, ராமநாதபுரம் கரையில் நின்று லூர் வீசலாமா?
பூங்கா எல்லை எதுவரை என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டு, கரை ஊர்க்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீசுங்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் குறுக்கே நிற்காதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலம் இதற்கும் பொருந்துமா?
கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, விசைப்படகுகளை மனதில் வைத்துப் போடப்படுவது. எந்தப் படகில் போனாலும் அந்த மாதங்களில் உள்ளூர் மீன்வளத்துறையில் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

தடை போட்டால் உண்மையிலேயே மீன் பெருகுமா?
ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப்பில் 2004ல் பூங்காவின் மூன்றில் ஒரு பங்கை மீன்பிடிக்காத பகுதியாக மாற்றினார்கள். அந்தப் பகுதிகளில் பாறை மீன்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் கூடியதை ஆய்வுகள் காட்டின. அங்கே பிறக்கும் குஞ்சுகள் மிதந்து போய் வெளியே உள்ள பாறைகளிலும் குடியேறுகின்றன. நம் 21 தீவுகளும் அப்படித்தான். உள்ளே வளரும் மீன் வெளியே இருக்கும் மீனவரின் வலைக்கும் ஒரு நாள் வரும்.

எனவே ராமேஸ்வரம் போகும் அடுத்த முறை பாம்பன் பாலத்தில் நின்று தெற்கே பாருங்கள். தண்ணீரின் நிறம் மாறும் இடத்தில் குருசடை தெரியும். அதைச் சுற்றியும் பவளப்பாறை இருக்கிறது, அங்கே நம் லூர் போகாமல் இருக்கட்டும்.